பதிவேட்டில் ஒருவர் அதிகம்

என் மேசையைத் தாண்டாமல் எங்கள் சமூக மையத்துக்குள் யாரும் போக முடியாது. பதினோரு வருஷமாக அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர், வந்த நேரம், கையெழுத்து. இந்த மூன்றும் பதிவேட்டில் விழுந்தால்தான் உள்ளே. மேயரே வந்தாலும் முதலில் பேனாவைத்தான் நீட்டுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை எல்லாரும் ‘இரும்பு கேட்டு’ என்று சொல்வது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இது என் கதை இல்லை. என் மேசையைக் கண்டாலே பயந்துபோன ஒருத்தியின் கதை. எங்கள் மையத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ‘மூவர் மேசை’ என்று ஒன்று நடக்கும். ஒரு மேசைக்கு மூன்று பேர். வயதானவர் ஒருவர், இளம்பிள்ளை ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர். கிழிந்த துணி தைப்பார்கள், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவார்கள், போனில் நம்பர் சேர்க்கக் கற்றுக்கொள்வார்கள், மீதி நேரம் அரட்டை. மூன்று சாதிப் பறவையை ஒரே கூண்டில் அடைத்தால் கொத்திக்கொள்ளும் என்று ஆரம்பத்தில் நான்தான் ஏளனம் பேசினேன். பேசினது என் வாய், அதனால் ஒப்புக்கொள்கிறேன்.

அவளை முதல் நாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது ‘ரேடியோ’. காலேஜில் படிக்கிற பெண். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, அதனால் அந்தப் பெயர். இவள் சலவைக் கடை ஒன்றில் சட்டை இஸ்திரி போடுகிறவள், அறுந்த பட்டன் தைக்கிறவள். ரேடியோ தன் கோட்டைச் சலவைக்குப் போடப் போன இடத்தில் இவளைப் பிடித்துவிட்டாள்.

“இங்க பேரு எழுதணுமா?” என்று கேட்டாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எழுதணும்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஒவ்வொரு நாளும்தான். ஏன், கை வலிக்குமா?”

அவள் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, எழுதாமல், அதன் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. நான் மேசையை விரலால் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கே தோள் தூக்கிப்போட்டது. சட்டென்று குனிந்து எழுதிவிட்டு ஓட்டமாக உள்ளே போய்விட்டாள்.

அவள் எழுதியது அவளுடைய பெயர் இல்லை. இறந்துபோன அவள் அக்காவின் பெயர். எனக்கு அது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கையெழுத்து விழுந்ததா என்று பார்ப்பேனே தவிர, என்ன பெயர் என்று நான் படித்ததே கிடையாது. உள்ளே போய்விட்டால் அவள் எல்லாருக்கும் ‘பட்டன் அக்கா’. அவர்கள் மேசையின் மூன்றாவது ஆள், எழுபது வயது டிரைவர் ஐயாகூட அப்படித்தான் கூப்பிடுவார். சொந்தப் பெயர் என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் ஏன் பயந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புருஷனுக்கு வந்த வேலை அனுமதியில், அவன் மனைவி என்று அவளும், கைக்குழந்தையாக மகளும் இந்த ஊருக்கு வந்தார்கள். நாலு வருஷம் கட்டடங்களில் கம்பி கட்டினான். ஐந்தாவது வருஷம் வேறு ஊரில் நல்ல வேலை என்று போனான். போனவன் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் பெயரில் இருந்த அனுமதி முடிந்ததும் இவர்கள் இருவரின் அனுமதியும் முடிந்துபோனது. மகளுக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் காகிதம் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் யாராவது ஒருநாள் கேட்டால் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அல்லது அவளை மட்டும் ஏற்றிவிட்டுப் பெண்ணை வேறெங்காவது வைத்துவிடுவார்கள். இந்த இரண்டாவதுதான் அவளைத் தின்றது. “அக்கா செத்துட்டா. செத்தவள யாரும் புடிச்சு அனுப்ப முடியாதில்ல?” என்று பிற்பாடு என்னிடமே கேட்டாள்.

அவள் பயம் எப்படிப்பட்டது என்றால், எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடத் தோளில் மாட்டிய பையை அவள் கழற்றி வைத்ததில்லை. சுவரில் முதுகு ஒட்டினாற்போல், வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள். கடையில் இஸ்திரிப் பெட்டி பட்டு உள்ளங்கை கொப்பளித்தபோது டாக்டரிடம் போகவில்லை, டாக்டர் அட்டை கேட்பாராம். ஒருநாள் தபால்காரர் காக்கிச் சட்டையோடு கையெழுத்து வாங்க உள்ளே நுழைந்தார். மேசையில் பாதி தைத்த சட்டை கிடந்தது, ஆளைக் காணோம். கழிவறைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில் ஒரு மணி நேரம் இருட்டில் நின்றிருக்கிறாள். “நூல் தேடினேன்” என்று வெறுங்கையோடு வந்தாள். ரேடியோ சிரித்தாள். டிரைவர் ஐயா சிரிக்கவில்லை. அந்தச் சாமான் அறையில் சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது, துருப்பிடித்தது. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். பதினோரு வருஷம் வேலை பார்த்த எனக்கே அது தெரியாது. அவள் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவைத்துக்கொண்டாள்.

இவ்வளவு பயந்தவள் ஏன் வந்தாள் என்று கேட்பீர்கள். அந்த மேசைக்காகத்தான். ஊரில் அவளோடு பேச ஆள் கிடையாது. டிரைவர் ஐயா ஒருவர் போதாதா? இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட வண்டி ஓட்டியவர். என்ஜின் இரைச்சலில் இடது காது போய்விட்டது, வலது காது அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கும். மனைவி போன பிறகு வீட்டில் ஒண்டி. பட்டன் அக்கா வந்த முதல் மாதத்தில் அவர் வீட்டில் இருந்த சட்டை அத்தனைக்கும் ஒரே நேரத்தில் பட்டன் அறுந்து விழுந்தது.

“ஐயா, இது அறுந்த மாதிரி தெரியலையே. கத்தரிக்கோல் வெட்டு மாதிரி இருக்கு” என்பாள் பட்டன் அக்கா, மிகவும் மெதுவாக.

“அப்படியா? எலியா இருக்கும்.”

“எலி கத்தரிக்கோல் புடிக்குமா?”

“எங்க வீட்டு எலி படிச்ச எலிம்மா.”

அவள் அப்போது மட்டும் சிரிப்பாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, சத்தம் வராமல். சிரித்து முடித்ததும் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

டிரைவர் ஐயாவுக்கு மையத்தில் ஒரு பதவியும் உண்டு. ஆபத்து என்று மணி அடித்தால் ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு எல்லாரையும் தெருவுக்குக் கூட்டிவந்து தலை எண்ண வேண்டியவர் அவர். அதில் அவர் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. ஒத்திகையில்கூட எண்ணிக்கை சரியாக வராவிட்டால் யாரையும் அசைய விடமாட்டார். அவர் வேலை பார்த்த டிப்போவில் இன்னொரு டிரைவர் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். கடைசி சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க வெயிலில். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து வண்டியை நிறுத்தினால் கடைசி சீட்டு வரை நடந்து பார்க்காமல் இவர் சாவியைத் தொட்டதில்லை. இதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். பிறகு அவரை யாரும் கிண்டல் செய்யவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அனுமதி முடிந்துபோனவர்கள் தாங்களாக முன்வந்து விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்கள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதற்காக ஒரு அதிகாரி எங்கள் மையத்துக்கே வந்து மேசை போட்டார். மெலிந்த மனிதர், அடிக்கடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். போகலாமா வேண்டாமா என்று பட்டன் அக்கா மூன்று வாரமாகத் தூங்கவில்லை. ரேடியோதான் விடாமல் அரித்தாள்.

“அக்கா, இது பொறி இல்ல. நான் நாலு தடவ படிச்சுட்டேன். உங்க மேல ஒரு கேசும் இல்ல, பாப்பா இங்கயே படிக்கிறா. கெடைக்கும்கா.”

“கெடைக்கலேன்னா?”

“கெடைக்கும்.”

“கெடைக்கலேன்னா அங்கயே புடிச்சுக்குவாங்களா?”

ரேடியோ அந்த அறிவிப்பை எடுத்து ஐந்தாவது தடவையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

அன்று காலை அவள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என் பதிவேட்டில் வழக்கம்போல அக்காவின் பெயரை எழுதினாள். எட்டு மாதமாக எழுதியதை அன்றைக்கு மாற்றினால் நான் கவனித்துவிடுவேன் என்று பயந்தாளாம். நானா கவனிப்பேன்! உள்ளே போய் அதிகாரியின் தாளில் ஒன்பதாவது ஆளாகத் தன் சொந்தப் பெயரைக் கொடுத்தாள். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிக்கப் படிக்க இவள் எழுதினாள். பதினான்காவது கேள்வி: இந்த நாட்டில் எங்காவது, எதற்காவது வேறு பெயரைப் பயன்படுத்தியது உண்டா? கீழே தடித்த எழுத்தில், தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் ரத்து. பட்டன் அக்கா பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு எடுத்து ‘இல்லை’ என்று எழுதினாள். ரேடியோவுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கையெழுத்தானது. தாள் அதிகாரியின் கோப்புக்குள் போனது. வாசல் மேசையில் இருக்கிற என் பதிவேடு மட்டும் அவர் கண்ணில் படாமல் இருந்துவிட்டால் போதும்.

மதியம் இரண்டேகால் மணிக்குச் சமையலறையில் குளிர்பெட்டிக்குப் பின்னால் வயர் தீய்ந்தது. முதலில் ஒரு நாற்றம், பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், குபுகுபுவென்று கரும்புகை தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டது. மணி அலறியது. நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். ஏன் அதை எடுத்தேன் என்றால் விதி அப்படி. ஆபத்தில் முதலில் எடுக்க வேண்டியது பதிவேடு.

எதிர்ப்பக்க நடைபாதையில் எல்லாரும் கூடினோம். இருமல், அழுகை, செருப்பைக் காணோம் என்று ஒருத்தியின் புலம்பல். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, வர இன்னும் சில நிமிடம் ஆகும் என்றார்கள். அதிகாரி தன் தாளை எடுத்துத் தன்னிடம் வந்த ஒன்பது பேரையும் ஒரு பக்கமாக நிறுத்திப் பெயர் வாசித்தார். ஒன்பதாவது பெயருக்குப் பட்டன் அக்கா கையைத் தூக்கி, “இருக்கேன்” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, தாளில் ஒரு கோடு போட்டார்.

டிரைவர் ஐயா ஆரஞ்சுச் சட்டையோடு விரலை நீட்டி நீட்டித் தலை எண்ணினார். “முப்பத்தேழு” என்றார். “பதிவேட்டுல எத்தன?”

எண்ணினேன். முப்பத்தெட்டு.

“மறுபடி எண்ணும்மா.”

மறுபடியும் முப்பத்தெட்டு. அந்தப் பதற்றத்தில் அவர் தன்னை எண்ண மறந்துவிட்டார் என்பது பிற்பாடுதான் எங்களுக்குப் புரிந்தது. பெயர்களை வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். இருபத்தொன்பதாவது பெயரை வாசித்தேன். சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அந்தப் பெயரில் யாரையும் யாருக்கும் தெரியவில்லை.

“புதுசா யாராச்சும் வந்தாங்களா?”

“கழிவறைப் பக்கம் யாரோ போன மாதிரி இருந்துச்சு” என்றது ஒரு குரல். இந்த மாதிரி நேரத்தில் இப்படிச் சொல்ல ஒரு ஆள் எப்போதும் இருக்கும்.

பட்டன் அக்கா எனக்கு ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அதிகாரி, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ‘நான்தான்’ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாளாம். அந்தக் கோப்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டாளாம். இப்போதுதான் வேறொரு பெயருக்கு அவர் எதிரே கை தூக்கினாள். காலையில்தான் ‘இல்லை’ என்று எழுதினாள். பதில் சொன்னால் எட்டு மாதப் பொய் நடுத்தெருவில் நிற்கும். விண்ணப்பம் போகும், மகள் போவாள். சும்மா இருந்தால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள், தேடுவார்கள், ஒருவரும் இல்லை என்று சொல்வார்கள், முடிந்தது. அப்படித்தான் அந்த நிமிடம் நினைத்தாள். நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது முறை அந்தப் பெயரை நான் கத்திக் கூப்பிட்டபோது டிரைவர் ஐயா தன் துண்டைத் தெருக்குழாயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க போறீங்க?”

“கடைசி சீட்டப் பாத்துட்டு வந்துடறேன்.”

“ஐயா, வண்டி வந்துட்டிருக்கு. நில்லுங்க!”

செவிட்டுக் காதைத்தான் என் பக்கம் திருப்பினார். மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதர், முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குள் போய்விட்டார். புகை அவரை மூடிக்கொண்டது. ரேடியோ “தாத்தா!” என்று வீறிட்டாள். அவர் பின்னாலேயே ஓடப்போனவளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது என் கையில் யாரோ எதையோ திணித்தார்கள். கெட்டியான மஞ்சள் அட்டை ஒன்று. பட்டன் அக்கா. முகம் வெளுத்து, உதடு நீலமாக, பேயறைந்த மாதிரி இருந்தாள்.

“இத வெச்சுக்கோங்க. மூணு மணிக்கு விடுவாங்க” என்றாள்.

“என்னது? என்ன மூணு மணி?”

அவள் திரும்பி நேராக அதிகாரியைப் பார்த்தாள். “அந்தப் பேரு நான்தான் சார். நான்தான் எழுதினேன். உள்ள யாருமே இல்ல.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, அப்படியே கையில் வைத்திருந்தார்.

“ஐயா! வெளிய வாங்க! யாருமில்ல!” என்று நாங்கள் முப்பது பேர் கத்தினோம். அந்தக் காதுக்கு, அந்த மணிச் சத்தத்தில் என்ன கேட்கும்?

பட்டன் அக்கா வாசல் பக்கம் ஓடவில்லை. கட்டடத்தைச் சுற்றிச் சந்துக்குள் ஓடினாள். நான் பதிவேட்டோடு பின்னாலேயே ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓடுவேன் என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன். துருப்பிடித்த அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. அவள் இடுக்கில் பத்து விரலையும் விட்டு மேலே தூக்கினாள். நானும் பதிவேட்டைத் தரையில் போட்டுவிட்டு விரலை விட்டேன். நகம் பிய்ந்தது. இரண்டாவது இழுப்பில் தாழ் விட்டுக்கொடுத்தது. உள்ளேயிருந்து புகை முகத்தில் அறைந்தது. நான் இரண்டு அடி பின்னால் போனேன். பொய் சொல்வானேன், பயந்துதான் போனேன். அவள் பையைத் தோளிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ரேடியோ பிற்பாடு இரண்டு நிமிடம் என்றாள். அந்த இரண்டு நிமிடமும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்காத ஒரு பெயருக்காக ஒரு கிழவரைச் சாகவிட்டேனே, அவரைத் தேடி ஒரு குழந்தையின் தாயும் போய்விட்டாளே என்று தலையை முட்டிக்கொண்டிருந்தேன். கழிவறைக் கதவு ஒவ்வொன்றையும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே அவர் கடைசிக் கதவருகே மடங்கி உட்கார்ந்திருக்கிறார். இவள் அவருடைய ஆரஞ்சுச் சட்டையின் கழுத்தைப் பிடித்துத் தரையோடு தரையாக இழுத்துவந்தாள். இரண்டு பேரும் சந்தில் வந்து விழுந்தார்கள். அவர் கண்ணைத் திறந்ததும் சொன்னார், “அந்தப் பொண்ணு கெடைக்கலம்மா. எல்லாக் கதவையும் பாத்துட்டேன்.”

“நான்தான் ஐயா அது” என்று இருமலுக்கிடையே சொன்னாள். “மன்னிச்சிடுங்க. நான்தான்.”

அவர் “வெளிய வந்தாச்சில்ல?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். “அப்ப சரி” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஒன்றாக வந்தன. சீருடைகளைக் கண்டதும் அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், விலங்கு மாட்டிக்கொள்கிற மாதிரி. அந்த ஆம்புலன்ஸ் பையன் பாவம், கையில் காயம் என்று நினைத்துப் பஞ்சை எடுத்தான். முகமூடி மாட்டி, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதிகாரி என் பக்கத்தில் வந்து நின்றார். “இத நான் எழுதித்தான் ஆகணும்மா” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும்.

“எழுதுங்க. நல்லா எழுதுங்க. யாரு கேட்டு அவ சொன்னா? வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? அதயும் எழுதுங்க. உள்ள போனதயும் எழுதுங்க. இல்லேன்னா உங்க மேசைய இனிமே என் வாசல்ல போட விடமாட்டேன்.”

முடிவு என்ன ஆனது என்று தெரியாமல் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது. அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் எல்லாவற்றையும் எழுதினார். ஆறு வாரம் கழித்து விசாரணை. என் பதிவேட்டை வாங்கிவைத்துக்கொண்டு, நீங்கள் ஏன் பெயரைச் சரிபார்க்கவில்லை என்று என்னைக் குடைந்தார்கள். டிரைவர் ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கரகரத்த தொண்டையோடு சாட்சி சொன்னார். தவறான தகவல் தந்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, கூடவே தாய்க்கும் மகளுக்கும் இரண்டு வருஷ அனுமதி. முழு அனுமதி இல்லை. இரண்டு வருஷம் முடிகிறபோது மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் விசாரணை. பட்டன் அக்கா இன்றைக்கும் சுவரில் முதுகு ஒட்டித்தான் உட்காருகிறாள்.

ஆனால் அந்த மத்தியானம் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பியது. இரண்டே முக்கால். அப்போதுதான் அவள் திணித்த அட்டை ஞாபகம் வந்து, கோட்டுப் பையிலிருந்து எடுத்தேன். ஒரு சின்னப் பெண்ணின் போட்டோ, வகுப்பு, பள்ளிக்கூடத்தின் பெயர். மூன்று மணிக்கு யாரை விடுவார்கள் என்று புரிந்தது. எடுத்தேன் ஓட்டம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட் பாதி மூடியிருந்தது. தலைமுடியெல்லாம் கரி, விரலில் ரத்தம், புகை நாற்றம். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்படி ஒருத்தி என் மேசைக்கு வந்திருந்தால் நானும் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

“இவங்கம்மா வரல. நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

“அட்டையில பேரு இருந்தாத்தாம்மா அனுப்ப முடியும்.”

“இல்லீங்க, இது அவசரம்…” என்று கெஞ்ச ஆரம்பித்தேன். பதினோரு வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் இதே குரலில் கெஞ்சியிருப்பார்கள்!

அவர் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தைப் படித்துவிட்டு என் அடையாள அட்டையைக் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இருக்கே” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ‘அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள்’ என்று இரண்டு கோடு. முதல் கோட்டில் அம்மா என்று போட்டு ஒரு பெயர். அவளுடைய நிஜப் பெயரை எழுத்தில் நான் அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன். இரண்டாவது கோட்டில் என் பெயர். இனிஷியல் உட்பட ஒரு எழுத்து பிசகாமல், என் மேசைப் பலகையில் இருக்கிற மாதிரியே. உறவு: பெரியம்மா. பக்கத்தில் பள்ளிக்கூட முத்திரை, அன்றைய தேதி. காலையில் அந்த அரை மணி நேரம் எங்கே போயிருந்தாள் என்று தெரிந்தது. அதிகாரியின் மேசையிலேயே பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்திருப்பாள்.

கடைசியாக மிச்சமிருந்த ஒரு குழந்தையை அழைத்துவந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் தெருவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“நீங்கதான் அந்த வாசல் அம்மாவா? யாரு கேட்டாலும் உள்ள விடமாட்டீங்களே, அவங்களா?”

“ஆமாடா கண்ணு.”

“அம்மா சொல்லியிருக்காங்க. அம்மா வராத அன்னிக்கு நீங்கதான் வருவீங்கன்னு. நீங்க யாருகிட்டயும் என்னக் குடுக்க மாட்டீங்களாம்.” அவள் அழவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அம்மாவப் புடிச்சிட்டாங்களா, பெரியம்மா?”